வலி தானாக இறங்கியதா, மருந்தால் இறங்கியதா? மூட்டு அழற்சி ஆய்வுகள்: ஓர் எளிய அறிமுகம்

முடக்குவாதம் உள்ளவர்களிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால் ஒரு விஷயம் தெரியவரும். இந்த நோய் ஒரே சீராக இருப்பதில்லை. இரண்டு மாதம் விரலை மடக்க விடாமல் வாட்டும். அப்புறம் காரணமே தெரியாமல் இறங்கும். மறுபடி ஏறும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் புது வைத்தியம் தேடிப் புறப்படுவார். முடக்கத்தான் ரசமோ, எண்ணெய்க் கட்டோ, விலை உயர்ந்த ஊசியோ, எதை எடுத்தாலும் அடுத்த சில வாரங்களில் வலி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். "பக்கத்து ஊர்ல ஒருத்தர் எண்ணெய் குடுத்தாருங்க, பத்தே நாள்ல எந்திரிச்சு நடந்துட்டேன்" என்று ஒருவர் சொன்னால் அது பொய் இல்லை. அவர் நடந்தது உண்மை. எண்ணெயால் நடந்தாரா என்பதுதான் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள ஒழுங்காகக் கேள்வி கேட்கும் முறைக்குத்தான் மருத்துவ ஆய்வு என்று பெயர். கோவை, ஈரோடு, சேலம் பக்கம் மூட்டு வைத்தியத்துக்குப் போகிற பலரிடம் இன்று "ஒரு ஆய்வில் சேர்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் "புது மருந்து கண்டுபிடிப்பு" என்று செய்தியும் வருகிறது. இரண்டையும் எதிர்கொள்ளக் கொஞ்சம் அடிப்படை தெரிந்திருந்தால் நல்லது. படித்தவர்களுக்கே இது சரியாக விளக்கப்படுவதில்லை என்பது என் ஆதங்கம்.

எந்த நோய்களைப் பற்றிப் பேசுகிறோம்?

வயதாகி முழங்கால் தேய்வது வேறு. அந்த வலி படி ஏறினால் கூடும், உட்கார்ந்தால் குறையும். அழற்சியால் வரும் மூட்டு நோய் இதற்கு நேர்மாறு. காலையில் எழுந்தவுடன் விரல்கள் இறுகிக் கிடக்கும், கோலப்பொடியை அள்ளக்கூட வராது. அரை மணி, ஒரு மணி நேரம் போன பிறகு, வேலை செய்யச் செய்ய இளகும். மூட்டு வீங்கும், தொட்டால் சுடும். முப்பது வயதிலும் வரும், குழந்தைக்கும் வரும்.

இதில் அதிகம் கேள்விப்படுவது முடக்குவாதம். உலக அளவில் பெரியவர்களில் இருநூறு பேருக்கு ஒருவர் முதல் நூறு பேருக்கு ஒருவர் வரை இது இருக்கிறது. 1993ல் வெளியான ஒரு வட இந்தியக் கிராமப்புற ஆய்வு 0.75 சதவீதம் என்று கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். இதுபோக, முதுகெலும்பை இறுக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ், சொரியாசிஸோடு சேர்ந்து வரும் மூட்டு நோய், யூரிக் அமிலப் படிகங்களால் வரும் கவுட் என்று ஒரு பெரிய குடும்பமே உண்டு. 2006ல் சிக்குன்குன்யா வந்துபோன வீடுகளில் மாதக்கணக்கில் மூட்டு வீங்கிக் கிடந்தவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அது வைரஸ் தூண்டிவிட்ட அழற்சி.

உடலின் எதிர்ப்பாற்றலில் இரண்டு அடுக்குகள் உண்டு. ஒன்று பிறவியிலேயே வருவது. நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் போன்ற செல்கள் எந்தக் கிருமி என்று ஆராயாமல் உடனே காய்ச்சலையும் வீக்கத்தையும் கிளப்பிவிடும். இன்னொன்று பழகிக் கற்றுக்கொள்வது. டி செல்கள், பி செல்கள், அவை உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் இந்த அடுக்கைச் சேர்ந்தவை. முடக்குவாதத்தில் இந்த இரண்டாவது அடுக்கு தடம் மாறி, சொந்த மூட்டையே எதிரியாக எடுத்துக்கொள்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சிசிபி என்று பார்ப்பது அந்தத் தவறான எதிர்ப்பொருள்களைத் தேடித்தான்.

தன்னழற்சி நோய்கள் என்று இன்னொரு வகை உண்டு. அவற்றில் கோளாறு முதல் அடுக்கில் இருக்கிறது. கிருமியே இல்லாதபோதும் காய்ச்சலும் வீக்கமும் கிளம்பும், சில நாளில் அடங்கும், மறுபடி கிளம்பும். பெரும்பாலும் ஏதோ ஒரு மரபணு மாற்றம்தான் காரணம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் டேனியல் காஸ்ட்னரும் அவரோடு பணியாற்றியவர்களும் 1999ல் இவற்றைத் தனி வகுப்பாகப் பிரித்துக் காட்டினார்கள். துருக்கியர், ஆர்மீனியர், யூதர், அரபு மக்களிடம் அதிகம் காணப்படும் குடும்ப மத்தியதரைக் கடல் காய்ச்சல் இதில் பழையது. அதன் மரபணு 1997ல் கண்டறியப்பட்டது. கேப்ஸ் என்ற நோய் உள்ளவர்களில் சிலருக்குக் குளிர் காற்று பட்டாலே உடம்பெல்லாம் தடித்துக் காய்ச்சல் வரும். அதற்குக் காரணமான மரபணு என்எல்ஆர்பி3. வியப்பான விஷயம் என்னவென்றால், கவுட்டில் யூரிக் அமிலப் படிகங்கள் தூண்டிவிடுவதும் இதே என்எல்ஆர்பி3 புரதத்தைத்தான் என்று 2006ல் காட்டினார்கள். பத்து லட்சத்தில் ஓரிருவருக்கு வரும் காய்ச்சலைப் படித்தவர்கள், நம் வீட்டுப் பெரியவரின் கால் கட்டைவிரல் வீக்கத்துக்கும் விளக்கம் கண்டுபிடித்தார்கள். அரிய நோய்களை ஆராய ஏன் பணம் செலவழிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

ஏன் இரண்டு குழு வேண்டும்?

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். புது ரகக் கரும்பு நன்றாக விளைகிறதா என்று பார்க்க, காடு முழுக்க அதையே நட்டால் ஒன்றும் தெரியாது. அந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருக்கலாம். பாதி நிலத்தில் பழையது, பாதியில் புதியது என்று நட்டாலும் போதாது. வாய்க்கால் ஓரத்துப் பாதிக்குத் தண்ணீர் கூடுதலாகப் போயிருக்கலாம். நிலத்தைச் சிறுசிறு பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த ரகம் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தால்தான் மழை, மண், தண்ணீர் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பங்கிடப்படும். கோவையில் வேளாண் பல்கலைக்கழக வயல்களிலும் 1912ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்திலும் நடப்பது இதுதான். இதை நான் உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. 1920களில் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் வகுத்த குலுக்கல் முறைதான் பிறகு மருத்துவத்துக்கு வந்தது. வயலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த அறிவு இது.

மனிதர்களிடமும் அப்படியே. ஒரு மருத்துவர் "இவருக்குப் புது மருந்து, அவருக்குப் பழைய மருந்து" என்று தானே தேர்ந்தெடுத்தால், தன்னை அறியாமலே தெம்பானவர்களைப் புது மருந்துப் பக்கம் தள்ளிவிடுவார். குலுக்கல் அந்தச் சாய்வை எடுத்துவிடுகிறது. அடுத்தபடியாக, யாருக்கு எது போனது என்பது நோயாளிக்கும் தெரியாது, மூட்டைப் பார்த்துக் கணக்கெடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. வலி என்பது மனதோடு பின்னிக் கிடப்பதால் இந்த மறைப்பு மூட்டு நோய்களில் மிக முக்கியம். "புது ஊசி போட்டிருக்கிறார்கள்" என்ற நம்பிக்கையே வலியைக் கொஞ்சம் குறைக்கும். நம்பிக்கையால் வருவது எவ்வளவு, தானாக இறங்குவது எவ்வளவு, மருந்தால் வருவது எவ்வளவு என்று பிரிக்க ஒப்பிடும் குழு ஒன்று இல்லாமல் முடியாது.

இங்கேதான் எல்லோருக்கும் ஒரு பயம் வரும். நூல் மில்லில் வேலை பார்க்கும் ஓர் அக்கா நேரடியாகவே கேட்டார்: "ஏனுங்க, எனக்கு டம்மி மாத்திரையைக் குடுத்துப் போட்டு, கை கோணிப் போறத வேடிக்க பாப்பீங்களா?"

நியாயமான கேள்வி. முடக்குவாத ஆய்வுகளில் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. இரண்டு குழுவுக்கும் ஏற்கெனவே நிரூபணமான மருந்து, பொதுவாக மெத்தோட்ரெக்சேட், தொடர்ந்து போகும். அதன் மேல் ஒரு குழுவுக்குப் புது மருந்தும், மற்றக் குழுவுக்கு அதே போன்ற தோற்றமுள்ள வெறும் மாத்திரையும் சேரும். குறிப்பிட்ட வாரங்களில் முன்னேற்றம் இல்லை என்றால் வேறு சிகிச்சைக்கு மாற்றும் வழியையும் திட்டத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள். அது எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்கும் உரிமை அந்த அக்காவுக்கு உண்டு. கேட்க வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட் பற்றி ஒரு வார்த்தை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான லெடர்லி ஆய்வகத்தில் உருவான மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. முதலில் ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்டது. குறைந்த அளவில், வாரத்துக்கு ஒரே நாள் கொடுத்தால் முடக்குவாதத்தை அடக்கும் என்பது 1985ல் வந்த குலுக்கல் முறை ஆய்வுகளில்தான் உறுதியானது. வாரத்துக்கு ஒரு நாள் என்பதைத் தினமும் என்று எடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

குலுக்கல் முறை ஆய்வு என்பது ஏதோ வெளிநாட்டு வழக்கம் என்று நினைக்க வேண்டாம். பெருந்துறையில் இன்றும் பஸ்காரர்கள் சானிடோரியம் என்று கூப்பிடும் இடம், காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்துப் பார்த்த காலத்தின் மிச்சம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு இல்லாமல் காசநோய் தீராது என்று உலகமே நம்பியது. 1956ல் சென்னையில் அதைக் கேள்வி கேட்டார்கள். ஏழைக் குடும்பத்து நோயாளிகளைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பாதியை சானிடோரியத்திலும் மறு பாதியை நெருக்கடியான அவர்கள் வீட்டிலேயே வைத்தும் ஒரே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். 1959ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு வசித்த குடும்பத்தினருக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை வீட்டுக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாட்டு ஏழைகள் கேள்விக்குத் தங்களைக் கொடுத்து உலகத்துக்குக் கிடைத்த விடை அது. பள்ளிப் புத்தகத்தில் இருக்க வேண்டிய கதை.

கண்வலிக் கிழங்கும் விட்டு விட்டு வரும் காய்ச்சலும்

மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சிப் பக்கம் போனால் கம்பிப் பந்தலில் படர்ந்து சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்திருக்கும் செங்காந்தளைப் பார்க்கலாம். ஊரில் அதைக் கண்வலிக் கிழங்கு என்போம். விவசாயிகள் விற்பது அதன் விதையை. அந்த விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின்தான் கவுட்டுக்குப் பழங்காலம் தொட்டுப் பெயர்போன மருந்துகளில் ஒன்று. (ஐரோப்பாவில் வேறொரு செடியிலிருந்து எடுத்தார்கள். பொருள் ஒன்றுதான்.) கிழங்கும் விதையும் கடும் விஷம். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைவு, அதனால் செடியாக யாரும் வாயில் வைக்கக் கூடாது.

இதே மருந்து வேறொரு நோய்க்கும் கேட்டது. முன்பு சொன்ன குடும்ப மத்தியதரைக் கடல் காய்ச்சல் உள்ளவர்களுக்குச் சில நாள் கடும் காய்ச்சல், வயிற்றுவலி, மூட்டு வீக்கம் வரும். அப்புறம் ஒன்றுமே இல்லாதது போல் நன்றாக இருப்பார்கள். 1972ல் ஒரு மருத்துவர், தன் நோயாளிகள் சிலருக்கு கோல்ச்சிசின் தினமும் கொடுத்தபோது காய்ச்சல் வருவது நின்றது என்று மருத்துவ இதழுக்குச் சின்னக் கடிதம் எழுதினார். விட்டு விட்டு வரும் நோயில் இப்படி ஒரு கடிதத்தை மட்டும் நம்ப முடியுமா? தானாகவே இடைவெளி விட்டிருக்கலாமே?

1974ல் அதைச் சோதித்தார்கள். நோயாளிகள் குறைவு, இரண்டு பெரிய குழுவாகப் பிரிக்க ஆள் கிடையாது. அதனால் ஒரே நோயாளி சில காலம் கோல்ச்சிசின், சில காலம் வெறும் மாத்திரை என்று மாறி மாறி எடுத்துக்கொண்டார். எப்போது எது என்று அவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அவரே அவருக்கு ஒப்பீடு. வெறும் மாத்திரைக் காலத்தில் காய்ச்சல் வழக்கம்போல் வந்தது. கோல்ச்சிசின் காலத்தில் வெகுவாகக் குறைந்தது. இந்த நோயில் அழற்சி பல வருடம் நீடித்தால் அமிலாய்டு என்ற புரதம் படிந்து சிறுநீரகம் கெட்டுப்போகும். கோல்ச்சிசின் அதையும் தடுக்கிறது என்று பிறகு தெரிந்தது. இன்றுவரை இந்த நோய்க்கு முதல் மருந்து அதுதான்.

அந்த ஆய்வுகளில் ஒன்றைச் செய்தவர் சார்லஸ் டினரெல்லோ. காய்ச்சலைக் கிளப்பும் பொருளை ரத்த வெள்ளணுக்களிலிருந்து பிரித்தெடுத்தவரும் அவரே. இன்டர்லூகின் 1 என்று இன்று அதை அழைக்கிறோம். அதைத் தடுக்கும் ஊசிகள் வந்தபோது தன்னழற்சி நோய்களின் நிலைமையே மாறியது. பிறந்த சில நாளிலேயே தடிப்பும் காய்ச்சலும் தொடங்கி, மூளை, காது, கண் வரை பாதிக்கும் கடுமையான கேப்ஸ் வகைக்கு அனகின்ரா என்ற ஊசியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006ல் வெளியானது. அதில் இருந்தவர்கள் வெறும் 18 பேர். சில நாளிலேயே தடிப்பு மறைந்தது.

18 பேரை வைத்து முடிவு எடுக்கலாமா? அரிய நோயில் இதுதான் சிக்கல், இதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. கனகினுமாப் என்ற இன்னோர் ஊசிக்கு 2009ல் வெளியான ஆய்வில் 35 கேப்ஸ் நோயாளிகள் இருந்தார்கள். முதலில் எல்லோருக்கும் மருந்து போனது. 34 பேருக்கு நோய் முழுதாக அடங்கியது. அடங்கிய நிலையிலேயே இருந்த 31 பேரை அதற்குப் பிறகுதான் குலுக்கலில் பிரித்தார்கள். 15 பேருக்கு மருந்து தொடர்ந்தது, 16 பேருக்கு வெறும் ஊசி. மருந்து தொடர்ந்த 15 பேரில் ஒருவருக்குக்கூட நோய் திரும்பவில்லை. வெறும் ஊசி போட்ட 16 பேரில் 13 பேருக்குத் திரும்பியது. திரும்பியவர்களுக்கு உடனே மறுபடி மருந்து. இந்த அமைப்பில் எல்லோருக்கும் ஒருமுறையாவது மருந்து கிடைக்கிறது, வெறும் ஊசியில் இருக்கும் நேரமும் குறைகிறது, விடையும் ஐயமில்லாமல் வருகிறது. வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருந்தால் ஆயிரம் பேர் தேவையில்லை. வித்தியாசம் சிறிதாக இருந்தால்தான் கூட்டம் வேண்டும். ஆய்வில் எத்தனை பேர் என்ற எண்ணை மட்டும் பார்த்து நல்லது, கெட்டது சொல்ல முடியாது.

எதை எண்ணுகிறார்கள்?

வலியைத் தராசில் வைக்க முடியாது. ஆகவே மூட்டுகளை எண்ணுகிறார்கள். டாஸ் 28 என்று ஒரு கணக்கு. தோள், முழங்கை, மணிக்கட்டு, கை விரல்கள், முழங்கால் என்று 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து, எத்தனை வலிக்கிறது, எத்தனை வீங்கியிருக்கிறது என்று குறிப்பார்கள். அதோடு அழற்சியின் அளவைக் காட்டும் இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. ரத்த முடிவையும், "மொத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள்?" என்று நோயாளி தரும் மதிப்பெண்ணையும் சேர்த்து ஓர் எண் வரும்.

அந்த 28ல் கணுக்காலும் பாதமும் கிடையாது. நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பனியன் கம்பெனிப் பெண்ணுக்கும், குழித்தறியில் மிதி போடும் நெசவாளிக்கும் பாதம்தான் பிழைப்பு. கை எல்லாம் சரியாகி எண் அழகாகக் குறைந்தாலும் பாதம் வீங்கியே இருக்கலாம். ஆகவே உங்களிடம் மதிப்பெண் கேட்கும்போது பாதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு "பரவாயில்லீங்க" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். ஆய்வில் அந்தப் "பரவாயில்லீங்க" தவறான தகவலாகப் பதிவாகிவிடும்.

செய்திகளில் அடிக்கடி குழப்பும் இன்னோர் அளவு ஏ.சி.ஆர். 20. மூட்டு எண்ணிக்கையும் மற்றச் சில அளவுகளும் குறைந்தது 20 சதவீதம் முன்னேறினால் ஒருவர் அதைத் தாண்டியதாகக் கணக்கு. "60 சதவீதம் பேர் ஏ.சி.ஆர். 20 அடைந்தனர்" என்றால் நோய் 60 சதவீதம் குறைந்தது என்று பொருள் இல்லை. பல ஆய்வுகளில் வெறும் மாத்திரைக் குழுவிலேயே நாலில் ஒருவர் போல் இதைத் தாண்டிவிடுகிறார். நோய் தானாக ஏறி இறங்குவதும், நம்பிக்கையும், கூடவே போகும் மெத்தோட்ரெக்சேட்டும் சேர்ந்து செய்கிற வேலை அது. எனவே எந்தச் செய்தியிலும் தேட வேண்டியது இரண்டு எண்கள். மருந்துக் குழுவில் எவ்வளவு, மற்றக் குழுவில் எவ்வளவு? ஒன்றை மட்டும் சொல்கிற செய்தி பாதிச் செய்தி.

எல்லா ஆய்வும் புது மருந்துக்காக இல்லை

எனக்கு மிக முக்கியமாகப் படும் ஆய்வு, 2004ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருந்து வந்தது. டிகோரா என்று பெயர். 110 முடக்குவாத நோயாளிகள். புது மருந்து எதுவும் இல்லை, எல்லாம் பழைய மலிவான மருந்துகளே. ஒரு குழுவை வழக்கம்போல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தார்கள். இன்னொரு குழுவை மாதா மாதம் பார்த்து, மூட்டுக்கணக்கு எடுத்து, இலக்கை எட்டவில்லை என்றால் மருந்தை உடனே கூட்டினார்கள். 18 மாதம் கழித்து, வழக்கமான குழுவில் நோய் அடங்கியவர்கள் 16 சதவீதம். மாதா மாதம் பார்த்த குழுவில் 65 சதவீதம். வலி குறைந்ததும் ஆறு மாதம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல், பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் அதே மாத்திரையை வாங்கிச் சாப்பிடும் நம் பழக்கத்தை நினைத்தால் இந்த எண்கள் நெஞ்சை உறுத்துகின்றன.

2013ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதாத 353 பேரை எடுத்துக்கொண்டது. பாதிப் பேருக்கு விலையுயர்ந்த எட்டனர்செப்ட் ஊசியைச் சேர்த்தார்கள். மீதிப் பேருக்கு மலிவான சல்பாசலசின், ஹைட்ராக்சிக்ளோரோகுயின் இரண்டையும் சேர்த்தார்கள். பலன் கிடைக்காதவர்களைப் பாதி வழியில் மறு பக்கம் மாற்றினார்கள். ஒரு வருட முடிவில் மலிவான கூட்டணி ஊசிக்குச் சளைத்ததாக இல்லை. மருந்துச் செலவுக்கு நகையை அடகு வைக்கும் குடும்பங்களுக்கு இப்படிப்பட்ட ஆய்வுகள்தான் உண்மையில் தேவை.

மருந்து கடைக்கு வந்த பிறகும் ஆய்வு முடிவதில்லை. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற பொருளைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசி போட்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்தது என்ற அறிக்கை 2001ல்தான் வெளியானது. அனுமதிக்கு முந்தைய ஆய்வுகளில் இருந்த ஆள் எண்ணிக்கைக்கு அந்த ஆபத்து முழுதாகத் தெரியவில்லை. இந்த ஊசிகளுக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்பது அதனால்தான். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் அதைத் தட்டிக்கழிக்கவே கூடாது. அதேபோல டோஃபாசிட்டினிப் மாத்திரை. இந்திய நிறுவனங்களும் தயாரிப்பதால் இங்கே விலை இறங்கிப் பலருக்குக் கிடைக்கிறது. 50 வயதுக்கு மேற்பட்ட, இதய நோய்க்கான ஆபத்துக் காரணி ஏதாவது உள்ள நாலாயிரம் பேருக்கும் மேல் வைத்து நடந்த ஆய்வு 2022ல் வெளியானது. டிஎன்எஃப் ஊசிகளோடு ஒப்பிட்டால் இந்த மாத்திரையில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் புற்றுநோயும் கூடுதலாக இருந்தன. ஆகவே புகைக்கும் பழக்கம் உள்ளவர்களும் இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டு இந்த மாத்திரை பற்றிப் பேச வேண்டும்.

மருந்தே கொடுக்காத ஆய்வுகளும் உண்டு. மலேசியாவில் முடக்குவாதம் புதிதாக வந்த பெண்களையும் அதே வயதில் நோய் இல்லாத பெண்களையும் ஒப்பிட்டு, முன்பு என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்டார்கள். ஜவுளித் தூசியில் வேலை பார்த்தவர்களுக்கு முடக்குவாத வாய்ப்பு ஏறக்குறைய 2.8 மடங்கு என்று 2016ல் வெளியிட்டார்கள். ஓர் ஆய்வை வைத்துத் தூசிதான் காரணம் என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. தூசியோடு வேறு எதுவும் சேர்ந்து வந்திருக்கலாம். ஆனாலும் திருப்பூர், பல்லடம், சோமனூரில் பஞ்சுத் தூசிக்குள்ளேயே வாழ்க்கையைக் கழிக்கும் லட்சக்கணக்கான பெண்களை நினைத்துப் பாருங்கள். இந்தக் கேள்வியை இங்கேயே, நம் ஆட்களை வைத்தே, பெரிய அளவில் கேட்க வேண்டாமா? மருந்து கம்பெனிக்கு இதில் லாபம் இல்லை. அரசும் பல்கலைக்கழகங்களும் கேட்டால்தான் உண்டு.

உங்களிடம் கையெழுத்துக் கேட்டால்

இந்தியாவில் மருத்துவ ஆய்வுகள் 2019ம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி நடக்கின்றன. ஒவ்வோர் ஆய்வையும் ஒரு நெறிமுறைக் குழு முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அதில் குறைந்தது ஏழு பேர். மருத்துவர் மட்டுமல்ல, சட்டம் தெரிந்தவரும் சாதாரணப் பொதுமக்களில் ஒருவரும் இருக்க வேண்டும். 2007ல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் மருந்து ஆய்வுகளை ஆள் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். உங்களிடம் சொல்லும் ஆய்வின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, வீட்டில் படித்த பிள்ளை யாராவது இருந்தால் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். எண் இல்லை என்றால் கையெழுத்தும் இல்லை.

ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், அதன் நகலை உங்களிடம் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் வாசித்துக் காட்ட வேண்டும். அங்கேயே உடனே கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் இல்லை. வீட்டுக்கு எடுத்துப்போய் நாலு பேரிடம் கேட்டுவிட்டு வரலாம். சேர்ந்த பிறகு எந்த நாளும், காரணம் சொல்லாமலே விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. ஆய்வால் உடம்புக்குப் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும், ஆய்வுதான் காரணம் என்று உறுதியானால் இழப்பீடும் உண்டு.

பணத்தைப் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம். அந்தியூரிலிருந்தோ கூடலூரிலிருந்தோ கோவைக்கு ஒருமுறை வந்துபோனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. எத்தனை முறை வர வேண்டும், பஸ் செலவு கிடைக்குமா, ஷிப்ட் மாற்றிக்கொள்ள முடியாவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் முதல் நாளே பேச வேண்டிய விஷயங்கள். குழந்தை பெற நினைக்கும் பெண்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மெத்தோட்ரெக்சேட் உட்படப் பல மருந்துகள் கருவைப் பாதிக்கும். மாமியார், வீட்டுக்காரர் முன்னால் பேசச் சங்கடமாக இருந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடி எதையாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். அத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. திடீரென நிறுத்தினாலும் ஆபத்து, தொடர்ந்து எடுத்தால் ஆய்வின் கணக்கையும் கெடுத்துவிடும். திட்டுவார்களோ என்று பயந்து சொல்லாமல் விடுபவர்கள் அதிகம். ஒருவரும் திட்டக் கூடாது, திட்டினால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக, பலரும் கேட்க மறந்துவிடும் ஒரு கேள்வி உண்டு. ஆய்வில் எடுத்த மருந்து எனக்கு நன்றாகக் கேட்டது என்றால், ஆய்வு முடிந்த மறுநாள் அது எங்கே கிடைக்கும்? வேறு சிகிச்சை இல்லாத நிலையில், ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொண்டால், மருந்தை இலவசமாகத் தொடர்ந்து கொடுக்க விதிகளில் வழி உண்டு. ஆனால் தானாகக் கிடைத்துவிடாது. அது உங்கள் படிவத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, யார் பொறுப்பு, எத்தனை காலம் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டு, பதிலைப் படிவத்திலேயே எழுதி வாங்குங்கள்.